உப்புக் காற்றில் 108 ஆண்டு

1913 ஆகஸ்ட்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஹாரி பிரியர்லி 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு ஒன்றை வார்த்தார். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோகாமலிருக்க வழி காண்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் மற்ற எஃகையெல்லாம் அரிக்கும் அமிலம் இந்த எஃகைத் தொடவில்லை என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. கத்தி செய்து பிழைக்கிற ஊரில் பிறந்தவர், இது மேசைக் கத்திக்கு ஆகும் என்று பிடித்துக்கொண்டார். வினிகரில் போட்டுப் பார்த்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்கிற கத்தித் தொழில்காரர் அதற்கு ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர் வைத்தார். கறை படியாதது என்ற அளவோடு அவர் நிறுத்திக்கொண்டார். நம் ஊர்ப் பாத்திரக் கடைக்கு அதே சரக்கு வந்தபோது ‘எவர்சில்வர்’ ஆகிவிட்டது. என்றைக்கும் வெள்ளி! ஷெஃபீல்டுகாரர்களே கொடுக்கத் துணியாத வாக்குறுதி அது.

அந்த வார்ப்பு நடந்து ஆறு மாதத்தில், 1914 பிப்ரவரி 24 அன்று, பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சாதாரண எஃகு; கடலுக்குள் 143 தூண்கள்; இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம்; நடுவில் கப்பலுக்கு வழிவிட இரு இறக்கையாக மேலே எழும் ஷெர்சர் பாலம். குரோமிய எஃகு பாம்பன் கடலுக்கு வந்துசேர நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2019-இல் அடிக்கல் நாட்டி 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள்தான் எவர்சில்வர் கம்பிகள் இருக்கின்றன. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. காரணம் தூக்குப்பாலப் பகுதியைத் தின்றிருந்த துரு. கணக்குப் பார்த்தால் 108 ஆண்டு.

பாலம் ஏன் துருப்பிடித்தது என்று கேட்க ஒன்றுமில்லை. பிடிக்காமலிருந்தால்தான் அதிசயம். சாதாரண எஃகு அந்தக் காற்றில் எப்படி 108 ஆண்டு நின்றது என்பதுதான் என்னை வெகுநாளாக உறுத்துகிற கேள்வி.

ஃப்ளோரிடாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே இரண்டாவது கடுமையான அரிமானச் சூழல் பாம்பன் என்று ஒரு வாசகம் செய்தித்தாள்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். யார், எந்த உலோகத்தை, எத்தனை ஆண்டு வைத்து அளந்தார்கள் என்று அந்த வாசகம் சொல்லாது. ஊர்ப் பெருமைப் பட்டங்களில் ஒன்றாக அதை எடுத்துக்கொள்ளலாம். பட்டம் இருக்கட்டும், இடம் கொடியதுதான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்தில் ஒரு கடல் உப்பை வீசும், தென்மேற்குப் பருவத்தில் மற்றது. காற்று திசை மாறினாலும் பாலத்துக்கு விடுமுறை கிடையாது. பக்கத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் பேருந்தை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் மூக்குக் கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் இருக்கும். நாக்கால் தொட்டால் கரிக்கும்.

அந்தப் படலம் இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு துண்டு இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவான்ஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தச் சொட்டை வைத்துத்தான் அரிமான அறிவியலின் பாதியை எழுதினார். நீரில் ஃபெனால்ஃப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கொஞ்சம் கலந்துவிட்டால் நடப்பதெல்லாம் நிறமாகத் தெரியும். முதலில் ஆங்காங்கே நீலமும் இளஞ்சிவப்பும் புள்ளி புள்ளியாக. சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்துகொள்ளும்: சொட்டின் நடுவில் நீலம், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம். நீலம் என்பது இரும்பு கரைகிற இடம். இளஞ்சிவப்பு என்பது காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் நீரோடு சேர்ந்து காரமாக மாறுகிற இடம். நடுவில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை உதறிவிட்டு நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி விளிம்பில் ஆக்சிஜனுக்குப் போய்ச் சேருகின்றன. ஒரு சொட்டுக்குள் ஒரு முழு பேட்டரி. உப்பு அதற்கு ஓடுபாதை போட்டுக் கொடுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆக்சிஜன் அதிகம் கிடைக்கிற விளிம்பு தப்பிக்கிறது. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி கரைகிறது. பழுப்புத் துருவோ இரண்டுக்கும் இடையே வளையமாகப் படிகிறது. துரு தெரியும் இடம் ஒன்று, குழி விழும் இடம் வேறொன்று. பெயிண்ட் கொப்புளத்துக்கு அடியில், வாஷருக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவிட் அடித்த இரு தகடுகளுக்கு நடுவில், பறவை எச்சத்துக்கும் சேற்றுக்கும் கீழே என்று காற்று புகாத மூலைகளிலேயே இரும்பு தேய்கிறது. ‘காத்து படாம மூடி வெச்சா துரு பிடிக்காது’ என்பது எண்ணெய் தடவிய அரிவாளுக்குப் பொருந்தும். ஈரமும் உப்பும் உள்ளே போனபிறகு மூடி வைத்தால் கதை தலைகீழ்.

பழைய பாம்பன் பாலம் ரிவிட் அடித்த பாலம். தகடு தகடாக அடுக்கிய கட்டுமானம். அடுக்குகளுக்கு இடையில் ஒருமுறை துரு புகுந்தால் அது வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கத்துக்குத் தகடுகள் விலகும், ரிவிட்டின் தலையே தெறிக்கும். இத்தனை பலவீனம் இருந்தும் பாலம் நின்றதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு ரிவிட்டும் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி வெட்டவெளியில் இருந்ததுதான். கொத்துச் சுத்தியால் தட்டுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, இற்றுப்போன தகட்டைக் கழற்றி வேறு போடுவது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை சேர்வதற்குள் தொடங்கிய இடம் மறுபடி பழுத்திருக்கும். மீண்டும் முதலிலிருந்து. தலைமுறை தலைமுறையாக நடந்த அந்த வேலையை எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டும் சொல்லாது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடியை நோக்கிப் போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. பாலத்தின் 145 உத்தரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. கடலடியில் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். அந்த வேலையை நடத்திய பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பெயர் நாட்டுக்குத் தெரிய வந்தது அதனால்தான். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம்: வாரக்கணக்கில் கடலுக்குள் கிடந்த இரும்பு திரும்ப வேலைக்கு ஆகியது. முழுக்க மூழ்கிய இரும்புக்கு ஆக்சிஜன் நிதானமாகவே வந்துசேரும். அலை அடித்து நனைத்து, வெயில் அடித்துக் காயவைத்து, உப்பை அடுக்கடுக்காகச் சேர்க்கிற நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள பட்டைதான் இரும்புக்கு எமன். கடலடியைவிடக் கடலோரம் மோசம்.

இந்த இடத்தில் யாராவது டெல்லி இரும்புத் தூணைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, சுமார் 1,600 ஆண்டாகத் திறந்தவெளியில் நிற்கிறது. ‘அந்தக் காலத்து ஆளுங்க செஞ்சது’ என்ற பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும். கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் அந்தப் பெருமூச்சுக்குள் இருந்த வேதியியலைப் பிரித்துக் காட்டினார். கரி உலையில், சுண்ணாம்பு சேர்க்காமல் உருக்கிப் பிரித்ததால் அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் தங்கிவிட்டது. இன்றைய எஃகு ஆலையில் பாஸ்பரஸ் கழிவு. இரும்பை நொறுங்க வைக்கும் வேண்டாத பொருள். தூணிலோ அதுவே, காலப்போக்கில், இரும்புக்கும் துருவுக்கும் நடுவே நெருக்கமான ஒரு காப்புப் படலம் உருவாக வழிசெய்தது. டெல்லியின் வறண்ட காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதியில் அதே தூண் துருப்பிடித்திருக்கிறது. தூணை அடித்து உருவாக்கியவர்களின் கைத்திறன் பெரிது. ஆனால் அதைப் பெயர்த்துப் பாம்பனில் நட்டால் மூன்றே பருவத்தில் வேறு கதை சொல்லும் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஒரு உலோகம் துருப்பிடிக்குமா என்ற கேள்விக்கு ‘எந்த ஊரில்?’ என்பதுதான் முதல் பதில்.

தூணின் தந்திரத்தையே நம் வீட்டுத் தோசைக்கல் வேறு விதமாகச் செய்கிறது. புதுக் கல்லை வாங்கி வந்து எண்ணெய் தடவி, காய்ச்சி, வெங்காயத்தால் தேய்த்துப் ‘பழக்குகிறோம்’. சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கறுப்புத் தோலாகிறது. விருந்துக்கு வந்த யாரோ அக்கறையாக சோப்பும் கம்பிநாரும் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டால் மறுநாள் காலையில் கல் காவி கட்டியிருக்கும். பெயிண்டின் தத்துவம் முழுக்க அதுதான்: இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு திரை. திரை எங்கே கிழிந்ததோ அங்கே துரு.

திரை கிழிந்தாலும் காக்கிற வழி ஒன்று உண்டு. அதன் கதை இரும்பில் தொடங்கவில்லை, செம்பில் தொடங்கியது. மரக்கப்பலின் அடியைக் கடற்புழு துளைக்காமலிருக்க பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ‘அலாரம்’ என்ற கப்பலுக்குச் செம்புத் தகடு வேய்ந்தது. இரண்டு ஆண்டில் பார்த்தால், தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல கூழாகியிருந்தன. சில இடங்களில் தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டியிருந்தது. அந்த ஆணிகள் மட்டும் தப்பின. செம்பும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் இரும்பு பலியாகும் என்பதற்குக் காகிதத்தைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அறுபது ஆண்டு கழித்து, 1824-இல், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதையே திருப்பிப் போட்டார். இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றுகிறது என்றால், வேண்டுமென்றே இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத்தையோ செம்போடு பொருத்தினால் செம்பு தேயாதல்லவா? ‘சமராங்’ என்ற கப்பலில் செய்து பார்த்தார்கள். செம்பு துளியும் கரையவில்லை. டேவியின் கணக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் கப்பல் ஆமையாகிவிட்டது. கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பியையும் பாசியையும் கப்பலடியில் ஒட்டவிடாமல் தடுத்திருந்தது. செம்பு கரைவது நின்றதும் கடலே வந்து ஒட்டிக்கொண்டது. கடற்படை டேவியின் காப்புகளைக் கழற்றிப் போட்டது. அரிமானம் நின்றதாலேயே ஒரு திட்டம் தோற்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், டேவிக்கு வந்திருக்காது.

கப்பலில் தோற்றது கரையில் பிழைத்துக்கொண்டது. நம் மொட்டைமாடி ஜிஐ தண்ணீர்க் குழாய்கள் டேவியின் வாரிசுகள். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் இது நேர்மாறு: கீறல் விழாதவரை வெள்ளீயம் காவலாளி, விழுந்தபிறகு இரும்பை அதுவே காட்டிக்கொடுக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத் தூளைப் போட்டுப் புகையைக் கிளப்பியது உள்ளே களிம்பு ஏறாமலிருக்க. அந்தப் பூச்சு வெறும் திரைதான். அதனால்தான் அது தேயத் தேய அவர் தெருவுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. ஜிஐ குழாயில் பித்தளை வால்வை நேரடியாக மாட்டிவிட்டு, ‘எப்பவும் மரையிலேயே லீக் ஆகுதே’ என்று தலையைச் சொறிகிற வீட்டுக்காரர் ‘அலாரம்’ கப்பலின் ஆணியைத்தான் மறுபடி அடித்திருக்கிறார்.

இனி எவர்சில்வர். இரும்பில் ஏறக்குறைய 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனத்தில் குரோமிய ஆக்சைடுப் படலம் தானாகப் படரும். தலைமுடியின் கனம் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. கீறினால், ஆக்சிஜன் இருக்கும்வரை, உடனே தானே மூடிக்கொள்ளும். சமையலறைக்கு வந்த வகை பிரியர்லியின் நேர்வாரிசு அல்ல. ஜெர்மனியின் க்ருப் ஆலையில், பிரியர்லியின் வார்ப்புக்கு முந்தைய ஆண்டே, நிக்கலும் சேர்த்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கலவையின் வழிவந்தது. 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். கடைக்காரர் ‘304’ என்பார். நிக்கல் விலை ஏறியதும் அதைக் குறைத்து மாங்கனீஸ் போட்ட ‘200’ வரிசை வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உப்பு ஊறுகாய் போட்டு வைத்தால் குட்டு வெளிப்படும்.

குளோரைடு அந்தப் படலத்தை முழுக்கத் தின்னாது. ஊசிமுனை அளவுக்கு ஓர் இடத்தில் துளைக்கும். சுற்றிலும் உள்ள பரந்த மேற்பரப்பு முழுக்க அந்த ஒரு புள்ளியிலிருந்து எலக்ட்ரானை உறிஞ்சும். துளைக்குள்ளே நீர் அமிலமாகி இன்னும் வேகமாகக் கரைக்கும். வெளியே பாத்திரம் வெள்ளியாகவே இருக்கும். ஒருநாள் அடியில் ஒரு சொட்டு ஒழுகும். இதைத் தடுக்கத்தான் கடலோரத்துக்கு இரண்டு பங்கு மாலிப்டினம் சேர்த்த ‘316’. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உயர் அழுத்தக் குழாய்களுக்கு அதுவும் போதாமல் ‘சூப்பர் டூப்ளெக்ஸ்’ வரை போகிறார்கள். விலை ஒவ்வொரு படிக்கும் ஏறும். சாதாரண எஃகு ஒழுங்காக, ஊரறியத் துருப்பிடிக்கும். எவர்சில்வர் கெட்டால் கமுக்கமாகக் கெடும். உயர்ந்த கலவை வாங்கும்போது துருவைக் குறைக்கிறோம், கூடவே அது கொடுக்கும் எச்சரிக்கையையும் குறைத்துக்கொள்கிறோம் என்பது என் கட்சி. பொறியாளர் நண்பர்கள் இதை மிகை என்பார்கள்.

மறைந்த துருவின் கோட்டை கான்கிரீட். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மையில், பிஎச் அளவு 12.5-க்கு மேல், கம்பியின்மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகி இரும்பு சுகமாகத் தூங்கும். இரண்டு விருந்தாளிகள் அதை எழுப்புவார்கள்: காற்றின் கரியமில வாயு உள்ளே ஊறி காரத்தைக் குறைக்கும், குளோரைடு உள்ளே ஊறி படலத்தைத் துளைக்கும். அதற்காகவே ஐஎஸ் 456 விதிநூல், சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடாக்குப் போதும் என்கிறது. அலை ஏறி இறங்கும் இடத்தில் 75 மில்லிமீட்டர் கேட்கிறது.

சென்னையில் கடலிலிருந்து நடைதூரத்தில் இருக்கிற ஒரு நண்பர் வீட்டில், கூரை அடியில் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. வந்த கொத்தனார் ஏணியில் ஏறிச் சுத்தியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று கேட்ட இடங்களை விட்டுவிட்டு, பொத் என்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“கம்பி ஊதிடுச்சு சார். பூசிவிட்டா ஒரு மழைக்கு நிக்கும்.”

“அந்த இடத்தை மட்டும் கொத்திட்டுப் புதுசா போட்டுட்டா?”

“போடலாம். அடுத்த வருஷம் பக்கத்துல ஊதும்.”

அவர் சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் எவான்ஸின் சொட்டு இருக்கிறது. பழைய கான்கிரீட்டில் கெட்டுக்கொண்டிருந்த கம்பிப்பகுதி, அதுவரை தான் கரைந்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை வெட்டிப் புதுக் காரக் கான்கிரீட் வைத்ததும் காவு கொடுக்கிற பொறுப்பு பக்கத்துப் பகுதிக்கு மாறுகிறது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகப் புதிய விரிசல் வருவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய பாடம் பாம்பனின் ‘அண்ணன்’ ஃப்ளோரிடாவில் இருக்கிறது. அங்கே தீவுகளை இணைக்கும் கீஸ் பாலங்கள் சிலவற்றில், 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும், எபாக்சி பூசிய கம்பிகளைப் போட்டார்கள். பச்சைத் தோல் போர்த்திய கம்பி. துருவுக்கு முடிவு கட்டிவிட்டதாக நம்பிய காலம். 1986-இல் லாங் கீ பாலத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் வெடித்து உதிரத் தொடங்கியது. பாலத்துக்கு வயது பத்தைத் தொடவில்லை. கம்பியை வளைத்தபோதும் இறக்கி ஏற்றியபோதும் எபாக்சியில் விழுந்த சிறு கீறல்களுக்கு அடியே ஈரம் புகுந்து, தோலுக்குள்ளேயே கம்பி கரைந்திருந்தது. மேலே எபாக்சி, அதற்கு மேலே கான்கிரீட்: இரண்டு போர்வைக்கு அடியில் கிடந்த நோயை யார் பார்ப்பது? ஃப்ளோரிடா பின்னர் அந்தக் கம்பியையே கைவிட்டது. வெட்டவெளியில் பெயிண்டை நம்பி நின்ற பாம்பனின் சாதாரண எஃகு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது.

கண்ணுக்கு எட்டாத துரு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றுச் சில்வர் பாலம் சாட்சி. 1928-இல் கட்டியது. சங்கிலிக் கண்ணிபோல் கோத்த எஃகுப் பட்டைகளில் தொங்கிய பாலம். 1967 டிசம்பர் 15 மாலை நெரிசலில் ஒரு பட்டையின் கண் பிளந்து, பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். தொடக்கமாக இருந்த வெடிப்பின் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர். இழுவிசையும் அரிமானமும் கைகோத்து நாற்பது ஆண்டில் வளர்த்த வெடிப்பு அது. பாலத்தைப் பிரித்து எடுத்தாலொழிய கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டுக்குள் இருந்தது. அமெரிக்காவில் பாலங்களை நாடு தழுவிய ஒரே முறையில் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கும் சட்டமே அதற்குப் பிறகுதான் வந்தது.

இரும்பை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் அதே குளோரைடுதான் தின்கிறது. பஞ்சலோகம் என்றாலும் அதில் பெரும்பங்கு செம்பு. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் புதைந்திருந்து வெளியே வரும் படிமத்தில் ஒருநாள் வெளிர்பச்சையாக மாவு பூக்கும். உள்ளே தங்கிய செம்பு குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை விடும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். முடிவில்லாச் சுழல். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் ஒரு வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கியதற்கு இந்த நோயே காரணம். எஸ். பரமசிவன் அங்கே திருமேனிகளைக் காரக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தி குளோரைடை வெளியே இழுத்தார். கோயிலில் வழிபாட்டில் இருந்த மூர்த்திக்கு இந்த நோய் அரிது. அதற்கு வேறு தேய்மானம்: நித்திய அபிஷேகமும் புளி போட்டுத் துலக்குவதும் மூக்கையும் விழியையும் மழுக்கிவிடும். புதைந்தது உருவம் மாறாமல் நோயோடு வரும். வணங்கப்பட்டது நோயில்லாமல் முகம் தேய்ந்திருக்கும். இரண்டில் எதை நல்வாழ்வு என்பது?

உலக அளவில் அரிமானத்தால் வரும் செலவு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் டாலர், உலக உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அத்தனை பெரிய எண் மனத்தில் எங்கும் உட்காருவதில்லை. மண்டபம் என்கிற ஊரில் செய்கிற கணக்கு எனக்குப் பிடிக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பாம்பனுக்கு இக்கரையில், மண்டபத்தில், ஓர் அரிமானச் சோதனை நிலையம் உண்டு. உள்ளங்கை அகல உலோகத் தகடுகளைச் சாய்வான சட்டங்களில் மாட்டிக் காற்றுக்குக் காட்டுகிறார்கள். மாட்டுமுன் எடை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இறக்கி, இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் கரைக்கிற அமிலக் கரைசலில் கழுவி, மறுபடி எடை. குறைந்த கிராம்தான் அந்த ஊர்க் காற்றின் பசி. வேறு தத்துவம் இல்லை. அந்த ஆய்வகமே கம்பிகளுக்குச் சிமெண்ட்–பாலிமர் பூச்சு ஒன்றையும் உருவாக்கியது. கான்கிரீட்டோடு உறவாடும் பூச்சு என்பதால், கீறினால் தோலுக்கடியில் குழிபறிக்கும் எபாக்சியின் பிரச்சினை அதில் குறைவு.

புதிய பாம்பன் பாலம் இந்த அனுபவங்களையெல்லாம் படித்துவிட்டு எழுந்தது என்றே சொல்ல வேண்டும். கான்கிரீட்டுக்குள் எவர்சில்வர் கம்பி. எஃகின்மேல் துத்தநாகம் தெளித்து, அதன்மேல் பாலிசிலாக்சேன் பெயிண்ட். திரையும் உண்டு, பலிகொடுக்கத் துத்தநாகமும் உண்டு. ரிவிட் கிடையாது, முழுக்க வெல்டிங். தகடுகளுக்கு இடையே துரு ஒளிய மூலை இல்லை. இருந்தும், திறப்பதற்கு முன்பே 2024 நவம்பரில் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, பாலத்தில் அரிமானம் தலைகாட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. உப்புக் காற்று ரிப்பன் வெட்டும்வரை காத்திருக்கவில்லை.

அதைக் கேட்டு நான் கவலைப்படவில்லை. அது கண்ணில் பட்ட துரு. சுத்தியும் பிரஷும் போதும். என் கண் போவது நடுவிலுள்ள 72.5 மீட்டர் தூக்குப்பாலத்துக்கு. பழைய ஷெர்சர் பாலத்தைப் பணியாளர்கள் கையால் பல்சக்கரத்தைச் சுற்றித் திறப்பார்கள். சக்கரத்தின் பல்லும் தண்டவாளமும் அவர்கள் கண்முன்னே இருந்தன. புதியது மோட்டாரில் நேராக 17 மீட்டர் உயரம் எழும். கோபுரத்து உருளைகள்மேல் ஓடும் எஃகுக் கயிறுகளில் எதிர்எடையோடு அது தொங்குகிறது. எஃகுக் கயிறு என்றால் இழை இழையாக முறுக்கிய நூற்றுக்கணக்கான கம்பிகள், நடுவில் ஒரு மையம், இடுக்கெல்லாம் கிரீஸ். வெளி இழைகளைத் துடைத்துப் பார்த்தால் புதிது போலவே மின்னும். உள்ளே கிரீஸ் காய்ந்த ஓர் இடுக்கில் உப்பு புகுந்திருக்கிறதா என்று அறிய, பராமரிப்பவர் சுமையில்லாத நேரம் பார்த்து, கயிற்றின் முறுக்கைக் கருவியால் கொஞ்சம் தளர்த்தி, டார்ச் அடித்து, ஒரு கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டும். கிரீஸ் கறுப்பாக வந்தால் நல்லது. காவியாக வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.